ஆயாக்கள் தங்கிய வீடு

மனிதரைவிட வீட்டுக்கு ஆயுள் அதிகம். மனிதரைப் பற்றிய ஏடுகளைவிட வீட்டைப் பற்றிய ஏடுகளுக்கும் ஆயுள் அதிகம். ஏழை ஒருவர் எங்கே பிறந்தார், என்ன தொழில் கற்றார், எதற்காக ஊரைவிட்டுப் போனார் என்று எழுதிவைக்க எந்த அரசும் அக்கறை கொண்டதில்லை. ஆனால் அவர் குடியிருந்த வீட்டுக்கு வரி எவ்வளவு, அதைக் கட்டவேண்டியவர் யார் என்று எழுதிவைக்க எல்லா அரசுகளும் அக்கறை கொண்டிருந்தன. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டை அறிந்த தமிழாசிரியர்களுக்கு இது புதுச் செய்தியன்று. இராசராசன் அக்கோயிலுக்கு வரவழைத்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை, இன்ன சிறகில் இன்ன வீட்டில் இருப்பவர் இன்னார் என்று வீட்டு வரிசைப்படியே அக்கல்வெட்டு குறிக்கின்றது. ஒவ்வொருவருக்கும் நெல் அளக்க வேண்டியிருந்தது. அதனால் வீடும் பெயரும் ஒருங்கே கல்லில் ஏறின.

வீட்டைப் பிடித்துக்கொண்டு மனிதரைத் தேடிச் செல்லும் இம்முறையை இன்று இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் தன்னார்வத் தொண்டர்கள் கையாண்டு வருகின்றனர். இவர்களுள் பெரும்பாலோர் வரலாற்றுப் பேராசிரியர்கள் அல்லர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றோரும், வார இறுதியில் நேரம் ஒதுக்கக் கூடியோருமே மிகுதி. கூலி எதுவும் பெறாமல், தம் தெருவிலுள்ள பழைய கட்டடம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் வாழ்ந்து மறைந்தவர் யார் யார் என்று ஆவணக் களரிகளில் அமர்ந்து தேடுகின்றனர். அத்தகைய தேடலால் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்த வீடுகளுள் ஒன்று கிழக்கு இலண்டனில், ஹாக்னி என்னும் பகுதியில், கிங் எட்வர்ட்ஸ் சாலையில் இருக்கின்றது. எண் 26. பார்வைக்கு அது மற்ற வீடுகளைப் போன்ற வீடுதான். ஆனால் 1900-ஆம் ஆண்டு முதல் 1921-ஆம் ஆண்டு வரை, வெள்ளைக்காரக் குழந்தைகளைச் சுமந்துகொண்டு கடல் கடந்து சென்ற இந்தியப் பெண்கள், ஊர் திரும்பக் கப்பல் கிடைக்கும் வரை காத்திருந்த இடம் அது.

இடிந்த மாளிகையும் எழுந்த குழுவும்

முதலில் இத்தொண்டு தோன்றிய கதையைச் சொல்லவேண்டும். அதுவும் கிழக்கு இலண்டனில் நடந்ததே. பிராம்லி என்னும் இடத்தில், முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில், 1606-இல் எழுந்த ஒரு பழைய மாளிகை இருந்தது. 1893-இல் அதனை இடித்துத் தள்ளினார்கள். இடித்தவர்கள் இலண்டன் பள்ளிக்கூட வாரியத்தார். இடித்த காரணம் அவ்விடத்தில் பள்ளிக்கூடம் கட்டவேண்டும் என்பது! மாளிகையின் ஓர் அறையின் மரவேலைப்பாட்டை மட்டும் தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்தார் வாங்கிக் காப்பாற்றினர். மற்றவை போயின.

சி. ஆர். ஆஷ்பீ என்னும் கட்டடக் கலைஞர் இதைக் கண்டு கொதித்தார். இடித்தவர்கள் தீயவர்கள் என்று அவர் எண்ணவில்லை. அங்கே இருந்தது இன்னது என்று அவர்களுக்குச் சொல்ல ஒரு பட்டியல்கூட இல்லையே என்பதே அவர் கவலை. ஆகவே 1894-இல் நண்பர்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார். குழுவினர் தம் ஓய்வு நேரத்தில் தெருத் தெருவாக நடந்து, பழைய கட்டடங்களை அளந்து, வரைந்து, பதிவு செய்தனர். மைல் எண்டு சாலையில் 1695-இல் கட்டப்பட்ட ஒரு தரும விடுதி இடிபடவிருந்தபோது, அதைப் பற்றி 1896-இல் நூல் எழுதி வெளியிட்டனர். அவ்விடுதி தப்பியது, இன்றும் நிற்கின்றது. 1900-இல் பிராம்லி வட்டாரம் முழுவதையும் பற்றிய முதல் தொகுதி வெளிவந்தது. ‘இலண்டன் அளவீடு’ என்று சொல்லத்தக்க அத்தொகுதி வரிசை இன்னும் முடியவில்லை. ஒயிட்சாப்பல் பகுதியைப் பற்றிய 54, 55-ஆம் தொகுதிகள் 2022-இல்தான் வந்தன. அவற்றுக்காக 2016 முதல் அப்பகுதி மக்களிடமிருந்தே நினைவுகளையும் படங்களையும் திரட்டியிருக்கின்றனர்.

ஆஷ்பீயின் தொண்டைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் இருப்பதற்கில்லை. அந்த முதல் தலைமுறையினரின் கண் உத்தரத்தின் மேலும் கூரைச் சுதைவேலையின் மேலுமே பதிந்திருந்தது. மைல் எண்டில் அவர்கள் காப்பாற்றிய விடுதி யாருக்காகக் கட்டப்பட்டது தெரியுமா? வயதான கப்பல் தலைவர்களுக்காகவும் அவர்களுடைய விதவைகளுக்காகவும். கப்பலின் மேல்தளத்தில் நின்றவர்களுக்கு அழகிய விடுதியும் உண்டு. அதைப் பற்றி நூலும் உண்டு. அதே கிழக்கு இலண்டனில், அதே கப்பல்களிலிருந்து, கைக்குழந்தையோடு இறங்கிய பெண்கள் தங்கிய வீடுகளில் சுதைவேலைப்பாடு இல்லை. ஆகவே அவற்றை யாரும் அளக்கவில்லை.

வீட்டை விசாரிக்கும் முறை

கட்டடத்தின் அழகை விட்டுவிட்டு அதில் இருந்தவரைத் தேடவேண்டுமானால் எங்கே தொடங்குவது? தொண்டர்கள் முதலில் எடுப்பது வரிப்புத்தகம். ஒவ்வொரு வட்டாரமும் வீட்டுவரி வசூலித்தபோது எழுதிய கணக்கு அது. அடுத்தது அஞ்சல் பெயரேடு. ஒவ்வொரு தெருவிலும் வீட்டு எண்ணும் குடித்தனக்காரர் பெயரும் தொழிலும் அதில் அச்சாகியிருக்கும். இவ்விரண்டும் வீட்டுத் தலைவரைக் காட்டுமேயன்றி வீட்டுக்குள் இருந்த மற்றவரைக் காட்டமாட்டா. உள்ளே இருந்தவரைக் காட்டுவது குடிமதிப்பு.

இங்கிலாந்தில் பத்தாண்டுக்கு ஒருமுறை குடிமதிப்பு எடுக்கின்றனர். 1841 முதல் ஆட்களின் பெயர் பதிவாகியிருக்கின்றது. 1851 முதல் வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு, பிறந்த ஊர் எது என்பவையும் பதிவாகியுள்ளன. ஆனால் நூறாண்டு கழிந்த பிறகே அத்தாள்களைப் பொதுமக்கள் பார்க்கலாம். 1921-ஆம் ஆண்டுக் குடிமதிப்பு 2022 சனவரியில்தான் திறக்கப்பட்டது. 1931-இன் தாள்கள் 1942-இல் ஒரு தீயில் எரிந்து சாம்பலாயின. 1941-இல் போர் நடந்தமையால் குடிமதிப்பே எடுக்கவில்லை. எனவே 1921-க்குப் பிறகு, போர் தொடங்கியதும் 1939 செப்டம்பரில் எடுத்த பதிவேடு ஒன்றுதான் துணை.

இதில் வழுக்கும் இடங்கள் பல. தெருவின் பெயர் மாறியிருக்கும். பெயர் மாறாவிட்டால் எண் மாறியிருக்கும். இலண்டனில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் எண்ணற்ற தெருக்களுக்குப் புதிதாக எண் இட்டார்கள். இதை மறந்தவர் அடுத்த வீட்டுக்காரரின் வாழ்க்கையை இந்த வீட்டுக்காரர் தலையில் ஏற்றிவிடுவார். ஆகவே பழைய நிலப்படத்தையும் பெயரேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூலைக் கடையிலிருந்து வீடு வீடாக எண்ணிக்கொண்டு வரவேண்டும். மற்றொரு தொல்லை குடிமதிப்பின் இயல்பிலேயே உள்ளது. அது பத்தாண்டில் ஓர் இரவை மட்டுமே காட்டும். இரண்டு குடிமதிப்புகளுக்கு இடையில் ஒன்பது ஆண்டு ஒரு வீட்டில் வாழ்ந்து வெளியேறியவர்கூட அதில் அகப்படாமற் போகலாம். அப்படியானால், ஒரு வீட்டில் மூன்று வாரமோ மூன்று மாதமோ தங்கிய பெண்களை எவ்வாறு கண்டுபிடிப்பது? ஹாக்னி வீட்டை ஆராயப் புகுந்தவர்களுக்கு எதிரே நின்ற கேள்வி இதுதான்.

ஆயா என்னும் சொல்

நம் நாட்டில் ஆயா என்றால் தெரியாதவர் இல்லை. தாய்மார் பால்மரக் காட்டுக்குச் சென்ற பிறகு பிள்ளைகள் தொட்டிலில் உறங்கிய ஆயாக் கொட்டகையைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நம்மிடையே சில குடும்பங்களில் பாட்டியையும் ஆயா என்பர். மலாய்மொழியிலோ அதே ஒலியுடைய சொல் தந்தையைக் குறிக்கும். இவ்வாறு பல மொழிகளில் ஒரே ஒலி கேட்பதால், வேலைக்காரப் பெண்ணைக் குறிக்கும் ஆயாவும் தமிழ்ச் சொல்லே என்று சிலர் வாதிப்பதுண்டு. ஒலி ஒற்றுமை ஒன்றைக் கொண்டு அவ்வளவு விரைவில் முடிவு கட்டலாகாது. குழந்தை வளர்க்கும் செவிலியைப் போர்த்துகீசியர் ‘அயா’ என்றனர். அச்சொல்லே இந்தியக் கடற்கரைகளில் பரவி ஆங்கிலேயர் வாய்க்கும் வந்தது என்பது 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி கூறும் முடிபு. நாம் சீனப் பணிப்பெண்களைக் குறிக்க வழங்கும் ‘அமா’ என்னும் சொல்லையும் அவ்வகராதி போர்த்துகீசியத்திலிருந்தே பெறுகின்றது. ஹாக்னி வீட்டில் இந்திய ஆயாக்களோடு சீன அமாக்களும் தங்கினர். இரு சாராரையும் அழைக்க ஆங்கிலேயர் கையாண்டவை மூன்றாம் நாட்டாரிடமிருந்து பெற்ற சொற்கள்.

இந்தியாவில் வேலை பார்த்த ஆங்கிலேயக் குடும்பங்கள் தாயகத்துக்குச் செல்லும்போது ஆயாவையும் உடன் கொண்டு செல்வது பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வழக்கமாகிவிட்டது. 1869-இல் சூயசுக் கால்வாய் திறந்து பயணம் குறுகியதும் இப்போக்குவரத்து பெருகியது. கப்பலில் அவர்களுக்கு வேலை ஓய்வதில்லை. அலையில் தலைசுற்றிப் படுத்துவிட்ட தாய்க்குப் பணிவிடை, குழந்தைக்குப் பால், துணி, தாலாட்டு எல்லாம் ஆயா தலையில். பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய துறைமுகங்களிலிருந்து இவர்கள் புறப்பட்டனர். மதராஸ் ஆயாக்கள் ஆங்கிலம் பேசுபவர்கள் என்று அக்காலத்தில் பெயர் பெற்றிருந்தனர். ஆகவே இவ்வரலாற்றில் தமிழச்சிகளுக்கும் பங்கு உண்டு. எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல ஏடுகள் இடந்தரவில்லை.

இங்கிலாந்து போய்ச் சேர்ந்த பிறகு ஆயாவின் தேவை பல குடும்பங்களுக்குத் தீர்ந்துவிட்டது. நல்ல முதலாளிகள் திரும்பும் சீட்டைக் கையில் கொடுத்தனர். மற்றவர்கள் கொடுக்கவில்லை. கொடுத்தேயாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தத் தக்க சட்டமும் இல்லை. 1908-இல் ஓர் ஆயாவை இலண்டன் கிங்ஸ் கிராஸ் இரயில் நிலையத்தில் ஒரு பவுண் பணம் கொடுத்து விட்டுவிட்டுப் போயினர். இந்தியா அலுவலகக் கடிதங்களில் இச்செய்தி பதிவாகியிருக்கின்றது.

இத்தகையோருக்காக ஏற்பட்டதே ஆயாக்கள் விடுதி. முன்பு அது இலண்டன் ஆல்ட்கேட்டில், ஜூரி தெரு 6-ஆம் எண் வீட்டில் இருந்தது. 1900-இல் இலண்டன் நகர மிஷன் என்னும் கிறித்தவச் சபையின் பொறுப்பில் ஹாக்னி கிங் எட்வர்ட்ஸ் சாலை 26-ஆம் எண் வீட்டுக்கு மாறியது. இடம் போதாமையால் 1921-இல் அதே சாலையில் 4-ஆம் எண் வீட்டுக்குப் பெயர்ந்தது. முன்னாள் அரசப் பிரதிநிதி செம்ஸ்போர்டு பிரபுவின் மனைவி அதனைத் திறந்து வைத்தார். ஆண்டுக்கு ஏறத்தாழ நூறு பெண்கள் இவ்விடுதியில் தங்கிச் சென்றனர். முதல் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு அஞ்சிப் பெண்களின் கடற்பயணத்தைக் கட்டுப்படுத்தினர். அக்காலத்தில் பலர் நெடுநாள் அங்கேயே சிக்கிக்கொண்டனர். 1947-இல் இந்தியா விடுதலை பெற்று ஆங்கிலேயக் குடும்பங்கள் ஊர் திரும்பிய பிறகு அந்த விடுதிக்கு வேலையே இல்லாமற் போயிற்று. தெருவாரும் மறந்தனர்.

பெயர் எங்கே?

மறந்ததை முதலில் நினைவூட்டியவர் ரோசினா விஸ்ரம் என்னும் வரலாற்றறிஞர். இவர் இலண்டனில் ஆசிரியப் பணியில் இருந்தவர் என்பது நம் ஆசிரியர்களுக்கு மகிழ்ச்சி தரும். ஆயாக்கள், இலஸ்கர் என்னும் கப்பல் மாலுமிகள், இளவரசர்கள் ஆகியோரைப் பற்றி அவர் 1986-இல் வெளியிட்ட நூல், இந்தியர் இங்கிலாந்துக்கு வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே என்றிருந்த எண்ணத்தைத் தகர்த்தது. அந்நூலில் இவ்விடுதியும் வருகின்றது. ஆனால் நூலில் வருவது வேறு, தெருவில் அறியப்படுவது வேறு. 2018-இல் தொலைக்காட்சி ஒளிபரப்பு ஒன்றில் விடுதியைப் பற்றிச் சில நொடி சொல்லக் கேட்ட ஹாக்னிவாசியான ஓர் இளம்பெண், அந்த வீடு தம் இல்லத்துக்கு அருகிலேயே இருப்பதை அறிந்து நேரில் சென்று பார்த்தார். அங்கே ஓர் அடையாளமும் இல்லை. அன்று தொடங்கிய முயற்சியில் ஹாக்னி அருங்காட்சியகமும் வேறு ஆர்வலர்களும் ஆராய்ச்சியாளர்களும் கைகொடுத்தனர்.

அவர்களுக்குக் கிடைத்த நல்ல கருவி கப்பல் பயணிகள் பட்டியல். இங்கிலாந்துக்குள் வந்தவர் பட்டியல் 1878 முதலும், வெளிச்சென்றவர் பட்டியல் 1890 முதலும் 1960 வரை இலண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றில் ஆயாக்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் எப்படி இருக்கிறார்கள்? துரையின் பெயர் முழுதாக இருக்கும். துரைசானியின் பெயர் இருக்கும். கைக்குழந்தைக்கும் பெயர் இருக்கும். அதற்கடுத்த வரியில் ‘ஆயா’ என்ற ஒரே சொல் நிற்கும். சில இடங்களில் முதலாளியின் குடும்பப் பெயரையே ஒட்டவைத்து ‘ஸ்மித் ஆயா’ என்பது போல எழுதியிருப்பார்கள். அடுத்த பயணத்தில் அதே பெண் வேறொரு குடும்பத்தோடு வந்தால் ‘பிரௌன் ஆயா’ ஆகிவிடுவாள். ஒருத்தியே பத்துப் பெயரில் பத்துப் பேராகத் தோன்றுவதும், பத்துப் பேர் ஒரே சொல்லுக்குள் ஒளிந்து ஒருத்தியாகத் தோன்றுவதும் இப்பட்டியல்களில் இயல்பு.

நம் அகப்பாடல்களிலும் செவிலிக்குப் பெயரில்லை. தலைவி உடன்போகிய பிறகு பாலையைப் பார்த்துப் புலம்பும் செவிலி யார் வீட்டுச் செவிலி, எந்த ஊரினள் என்று நாம் அறியோம். ஆனால் அங்கே தலைவனுக்கும் தலைவிக்கும்கூடப் பெயர் சொல்லலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த மரபு. எல்லார்க்கும் பெயரில்லாத இடத்தில் ஒருத்திக்குப் பெயரில்லாமை குறையாகாது. மேலும் அங்கே செவிலிக்கு வாய் உண்டு. அவள் கூற்றாகவே பாடல்கள் உள்ளன. கப்பற் பட்டியலில் ஆயாவுக்கு இரண்டும் இல்லை.

இங்கேதான் வீட்டின் பயன் விளங்குகின்றது. ஆளைப் பெயரால் தேடினால் அகப்படாதவர்கள் முகவரியால் தேடினால் அகப்படுகிறார்கள். 26-ஆம் எண் வீடு இருந்த குடிமதிப்புத் தாளை எடுத்தால், அந்த ஓர் இரவில் அவ்வீட்டில் உறங்கிய பெண்கள் வயதோடும் பிறந்த நாட்டோடும் வரிசையாக நிற்கின்றனர். அவர்களுள் ஒருத்தியின் வயதையும் அந்த ஆண்டு வந்த கப்பல்களின் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்தால், முன்பு வெறும் ‘ஆயா’வாக இருந்த வரி யாரைக் குறிக்கக் கூடும் என்று சில வேளை ஊகிக்க முடிகின்றது. கடவுச்சீட்டு இன்றிப் பயணம் செய்ய முடியாது என்ற நிலை வந்த பிற்காலத்தில், முதலாளியின் பெயருக்குள் மறைந்திருந்த பெண்ணுக்கும் தன் பெயரில் ஒரு தாள் உண்டாயிற்று. அத்தாள்களையும் ஆய்வாளர்கள் புரட்டி வருகின்றனர். மெதுவான வேலை, பல நாள் உழைப்புக்கு ஒரு பெயர் கிடைத்தாலே பெரிது.

ஐம்பத்து நான்கு பயணங்கள்

இத்தேடலால் மாறிய ஒரு கருத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஆயாக்களைப் பற்றிய பழைய எழுத்தெல்லாம் அவர்களைக் கைவிடப்பட்ட ஏழைகளாகவே காட்டும். இரயில் நிலையத்தில் அழுதுகொண்டு நின்ற பெண்ணே நம் மனக்கண்ணில் நிற்பாள். அது பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று.

அந்தோணி பரைரா என்னும் பெயருடைய கணவரின் பெயரால் திருமதி அந்தோணி பரைரா என்று குறிக்கப்படும் ஓர் ஆயா, 1922-இல் ஓர் ஆங்கில இதழுக்குத் தம் கதையைச் சொன்னார். அவர் இங்கிலாந்துக்கு 54 முறை பயணம் செய்தவர்! ஒருமுறை ஹாலந்துக்கும் சென்றவர். அவருடைய பெயரில் போர்த்துகீசியச் சாயல் இருக்கின்றது. இந்தியக் கடற்கரைக் கிறித்தவர்களிடையே அத்தகைய பெயர்கள் மிகுதி. அதைக்கொண்டு அவர் எந்த மாநிலத்தவர், எம்மொழியினர் என்று கூறிவிட முடியாது. ஒன்று மட்டும் தெளிவு. ஐம்பத்து நான்கு முறை கடல் கடந்தவர் யாராலும் இழுத்துச் செல்லப்பட்டவர் அல்லர். அது அவர் தொழில். கப்பல் தலைவனுக்குக் கடல் எவ்வளவு பழக்கமோ அவ்வளவு இவருக்கும் பழக்கமாயிருந்திருக்கும்.

விடுதியின் நடைமுறையை ஆராய்ந்தாலும் இதுவே புலப்படும். நல்ல முதலாளி ஆயாவின் திரும்பும் சீட்டை விடுதியாரிடம் ஒப்படைப்பார். இந்தியா செல்லவிருக்கும் வேறொரு குடும்பம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடி விடுதிக்கு வரும். அக்குடும்பம் ஆயாவின் பயணச் செலவை ஏற்றுக்கொள்ளும். பழைய சீட்டின் பணம் அவள் காத்திருந்த நாட்களின் உணவுக்கும் இடத்துக்கும் ஆகும். எனவே அவ்வீடு அநாதை விடுதி மட்டுமன்று. ஆள் தேடுவோரும் வேலை தேடுவோரும் சந்திக்கும் வேலைவாய்ப்பு நிலையமாகவும் இருந்தது. வந்து, தங்கி, வேலை பிடித்து, ஊர் திரும்பிய பெண்களைப் பற்றி எந்த அலுவலகமும் கடிதம் எழுதவில்லை. எழுதவேண்டிய தேவை இல்லை. துன்பம் நேர்ந்தால் கடிதம் பிறக்கும்; கடிதம் பிறந்தால் கோப்பு பிறக்கும்; கோப்பு இருந்தால் வரலாறு பிறக்கும். இவ்வாறு ஒழுங்காக நடந்த வாழ்க்கைகள் ஏட்டில் ஏறாமல் போக, கெட்டுப்போன வாழ்க்கைகளே ஏட்டை நிரப்பின. கோப்பை மட்டும் படித்தவர் ஆயா என்றாலே அகதி என்று எண்ணுவார். வீட்டைப் பிடித்துத் தேடியவர் அகதியையும் காண்பார், ஐம்பத்து நான்கு முறை வந்து போனவரையும் அதே கூடத்தில் காண்பார்.

விடுதியைப் புகழ்வதிலும் அளவு வேண்டும். நகர மிஷனார் அன்னமும் இடமும் அளித்தது உண்மை. அங்கு தங்கிய பெண்களைத் தம் சமயத்துக்குக் கொண்டுவர விரும்பியதும் உண்மை. விடுதியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் அச்சான செய்திகளுள் பெரும்பகுதி அவர்களோ அவர்களைப் பாராட்டியோரோ எழுதியவை. நன்கொடை திரட்ட எழுதும் எழுத்தில் ஏழை மேலும் ஏழையாகவும், நன்றி மேலும் நன்றியாகவும் காணப்படுவது உலக வழக்கம். அக்கால இதழ்களில் விடுதிக் கூடத்தில் பெண்கள் அமர்ந்திருக்கும் படங்களும் வெளிவந்தன. படத்தில் முகம் தெளிவாகத் தெரிகின்றது. அடியில் பெயர் இல்லை. இம்முகங்களுக்குத் தாமே கதை புனைந்து சூட்டிவிட வேண்டும் என்ற ஆசை தொண்டர்களுக்கு எழுவது இயற்கை. நல்ல தொண்டர் அந்த ஆசையை அடக்கிக்கொள்கிறார். தெரியாத பெயரைத் தெரியாது என்றே எழுதிவைத்தால், நாளை ஒருவர் வந்து நிரப்ப அந்த இடம் காலியாக இருக்கும்.

சுவரில் ஒரு நீலப் பலகை

இலண்டனில் புகழ் பெற்றோர் வாழ்ந்த வீடுகளின் சுவரில் வட்டமான பலகை பதிக்கும் வழக்கம் 1866-இல் ஏற்பட்டது. இன்று நீல நிறமுடைய அப்பலகைகளை ‘இங்கிலீஷ் ஹெரிட்டேஜ்’ என்னும் அமைப்பு பதித்து வருகின்றது. கவிஞர், அமைச்சர், அறிவியலார் என்று பெயர் சொல்லத்தக்க தனி மனிதருக்கே பெரும்பாலும் அச்சிறப்பு. பெண்களுக்கு உரியவை மிகக் குறைவு. பெயரே தெரியாதவர்களுக்கு எந்தப் பெயரைப் பொறிப்பது? இச்சிக்கலுக்கும் வீடே விடையாயிற்று. ஆளின் பெயருக்கு மாற்றாக விடுதியின் பெயரைப் பொறித்தனர். 2022 ஜூன் மாதம் கிங் எட்வர்ட்ஸ் சாலை 26-ஆம் எண் வீட்டுச் சுவரில் ஆயாக்கள், அமாக்கள் நினைவாகப் பலகை திறக்கப்பட்டது.

கட்டடம் நின்றதால் இது முடிந்தது என்பதை மறக்கலாகாது. ஆசிய மாலுமிகளுக்காக 1857-இல் லைம்ஹவுசில் திறந்த அந்நியர் விடுதி 1937-இல் மூடப்பட்டது. அதன் கட்டடம் இன்று இல்லை. ஆயிரக்கணக்கான இலஸ்கர்கள் ஏறி இறங்கிய படிக்கட்டைக் காண இனி வழியில்லை.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சில தமிழ்க் குடும்பங்களில், பாட்டியோ பாட்டியின் தாயோ துரை வீட்டுப் பிள்ளையோடு சீமைக்குப் போய் வந்தார் என்ற பேச்சு இருக்கக் கூடும். அத்தகைய பேச்சு உள்ளவர்கள் அவருடைய பெயரைக் கொண்டு தேடத் தொடங்கினால் பயன் குறைவு; காரணத்தை மேலே கண்டோம். துரையின் குடும்பப் பெயர், கப்பலின் பெயர், புறப்பட்ட துறைமுகம், ஆண்டு ஆகியவற்றுள் எவையெவை முதியோர் நினைவில் உள்ளனவோ அவற்றை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு இங்கிலாந்திலிருந்து வெளிச்சென்றவர் பட்டியலைப் பார்க்க வேண்டும். 1920-களிலிருந்து அப்பட்டியலில், பயணி இங்கிலாந்தில் கடைசியாகத் தங்கிய முகவரிக்கென ஒரு பத்தி இருக்கின்றது. அந்தப் பத்தியில் தேட வேண்டிய முகவரி: எண் 4, கிங் எட்வர்ட்ஸ் சாலை, ஹாக்னி.